பின்னறையில் யாரோ மூச்சு விடுகிறார்கள்

இந்தக் கோடையில் ஒரு நாள். காலை பதினொரு மணி வாக்கில், நான் சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் முன்னறையில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கஸ்தூரி - எங்கள் வீட்டில் வேலை செய்பவள் - பின்னறையைத் துடைக்கப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். கையில் துணி இல்லை, வாளி இல்லை.

"எம்மா... அந்த ரூம்ல யார்னா கீறாங்களா?"

"யாரும் இல்லையே. ஏன்?"

"யாரோ பொம்பள மூச்சு வுடறா மாரி கீதும்மா."

சிரித்தேன். ராஜா அண்ணாமலைபுரத்தில், பட்டப்பகலில், ஜன்னல் வழியே வெயில் கொட்டும் அறையில் பேயா? கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கட்டில், பீரோ, என் கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் பச்சை விளக்குகள் மினுக்கும் பெட்டி. வேறு ஒன்றும் இல்லை.

ஆனால் கேட்டது.

உள்ளே இழுக்கும் மூச்சு. ஒரு நிறுத்தம். பிறகு மெதுவாக வெளியே விடும் மூச்சு...

அந்தப் பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள். முன்னறையில் இருப்பது அவருடையது. ரிட்டயரான பிறகும் கட்டட வரைபடம் போடுவதை விடாதவர். பின்னறையில் இருப்பது என்னுடையது. நீங்கள் வாராவாரம் படிக்கிற இந்தப் பத்தி அதில்தான் உருவாகிறது. இரண்டையும் கேபிள் போட்டு இணைத்தவர் அவர். கதவு நிலைக்கு மேலே ஆணி அடித்து, சுவரோரமாக ஒயரை இழுத்து, அவரே செய்த வேலை. வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துப் பாராட்டியாக வேண்டும்.

ஜனவரியில் எங்கள் மகன் ஆனந்த் அமெரிக்காவிலிருந்து மனைவி கயலோடு லீவில் வந்தான். சூட்கேசிலிருந்து ஒரு ரவுட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"நான் போட்ட நெட்வொர்க் நல்லாத்தானே ஓடுது? அதுல எதுக்குடா இன்னொரு பெட்டி?" என்றார் அவர். குரலிலேயே மனத்தாங்கல் தெரிந்தது.

"உங்க நெட்வொர்க் அப்படியே இருக்கும்ப்பா. இது வி.பி.என். இன்டர்நெட்ங்கறது பொது ரோடு. அதுக்கு உள்ளேயே நமக்குன்னு ஒரு சுரங்கப்பாதை. இதே மாதிரி பெட்டி அங்க எங்க வீட்டுலயும் இருக்கு. ரெண்டையும் சேர்த்துட்டா ரெண்டு வீடும் ஒரே வீடு மாதிரி. நடுவுல வேற யாரும் எட்டிப் பார்க்க முடியாது."

சொல்ல எளிதாக இருந்தது. செய்ய ஒரு முழு நாள் ஆனது. பெட்டியை மாட்டியதும் ஏற்கெனவே ஒன்றை ஒன்று தெரிந்து வைத்திருந்த எங்கள் கம்ப்யூட்டர்கள் இரண்டும் அந்நியர்களாகிவிட்டன. கடைசியில்தான் காரணம் பிடிபட்டது. அங்கே அவன் வீட்டிலும் இங்கே எங்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர்களுக்கு ஒரே நம்பர்கள்.

"ஒரே டோர் நம்பர்ல ரெண்டு வீடு இருந்தா போஸ்ட்மேன் என்ன பண்ணுவார்?" என்று சொல்லிக்கொண்டே எங்களுக்குப் புது நம்பர்கள் கொடுத்தான். அவன் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கென்று ஒரு விசேஷ ஏற்பாடும் செய்தான். மானிட்டர் அருகே பென்சில் மாதிரி ஒரு மைக். இந்தப் பக்கம் ஸ்பீக்கர். "நீ ஒண்ணும் அழுத்த வேண்டாம்மா. நாங்க அங்கிருந்து கூப்பிட்டா இங்க தானா திறந்துக்கும். சும்மா பேசு."

தானாகத் திறந்துகொள்ளும்... அப்போது அந்த வார்த்தை எவ்வளவு செல்லமாக ஒலித்தது!

அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, தினமும் காலையில் பேசினோம். அங்கே அது இரவுச் சாப்பாட்டு நேரம். ஆனந்த் நிறையப் பேசுவான். கயல் கொஞ்சமாகப் பேசுவாள். அவள் சுபாவமே அப்படி. "சாப்பிட்டீங்களா அத்தை?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். அவ்வளவுதான்.

பங்குனி வெயில் ஆரம்பித்தபோது அது தொடங்கியது.

நாங்கள் யாரும் கிட்டே போகாமலேயே அந்தப் பெட்டி டயல் செய்ய ஆரம்பித்தது. பகல் நேரம், வீடு அமைதியாக இருக்கும்போது, பின்னறையிலிருந்து டயல் டோன் கேட்கும். பிறகு நம்பர்கள் சடசடவென்று விழும். பிறகு போன் லைனில் மோடத்தின் அந்த அலறல். இன்டர்நெட் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம்தான். ஆனால் சாத்திய அறைக்குள்ளிருந்து, தானாக, அதைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் யாரோ நமக்குத் தெரியாமல் யாருக்கோ போன் செய்கிற மாதிரி இருக்கும்.

அவர் விளக்கம் சொன்னார். "உன் கம்ப்யூட்டர்ல ஆனந்த் போட்டோ ஃபோல்டர் ஒண்ணு வச்சிருக்கானில்ல? அது அப்பப்ப அவன் மிஷினைத் தேடும். தேடினா பெட்டி தானா டயல் பண்ணும். பயப்பட ஒண்ணுமில்ல."

சரி. டயல் செய்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. கடிகாரத்துக்கு?

ஒரு நாள் மடித்த துணிகளை வைக்க அந்த அறைக்குள் போனேன். டிக்... டிக்... டிக். துணியை பீரோவில் அடுக்கிவிட்டு வெளியே வந்து, கூடத்தில் பாதி தூரம் நடந்த பிறகுதான் உறைத்தது. அந்த அறையில் கடிகாரமே கிடையாது.

திரும்பிப் போனேன். சத்தம் நின்றிருந்தது.

இன்னொரு நாள் ஒரு நாற்காலி முனகியது. பின்னறையில் இருப்பது பிளாஸ்டிக் நாற்காலி. அது முனகாது. மற்றொரு நாள் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே, காதுக்குப் பக்கத்தில்! விரல்கள் எழுத்துகளின் மேல் அப்படியே நின்றுவிட்டன. கழுத்துக்குப் பின்னால் மயிர் கூச்செறிவது என்பார்களே, ஐம்பத்தெட்டு வயதில்தான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

இதற்குப் பிறகுதான் கஸ்தூரி வாளியை விட்டுவிட்டு ஓடிவந்தது.

அவள் அதோடு நிற்கவில்லை. மறுநாள் வரும்போது முண்டகக்கண்ணி அம்மன் கோயில் திருநீறு கொண்டுவந்து, நான் பார்க்காத நேரத்தில் ரவுட்டரின் தலையில் கொட்டிவிட்டாள். எங்கள் வீட்டுக்காரர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே!

"ஏம்மா, இதுக்குள்ள காத்து போற ஓட்டை இருக்கு! சாம்பல் போனா பெட்டி போச்சு!"

"உள்ள காத்துதான் சார் கீது. அதான் போட்டேன்" என்றாள் கஸ்தூரி.

அவளுக்கு வேறொரு கவலையும் இருந்தது. மகளுக்கு நிறைமாதம். "இந்த நேரத்துல காத்து கருப்பு கீற வூட்டாண்ட போய்ட்டு வரக்கூடாதுன்றா என் அக்கா" என்றாள். ஆனாலும் வந்தாள். பின்னறை வாசலில் நின்றபடி, உள்ளே கால் வைக்காமல், என்னோடு மகளைப் பற்றியே பேசுவாள். கால் வீக்கம், டாக்டரம்மா சொன்னது, தலைப்பிரசவ பயம்... நான் உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து "உம்" கொட்டுவேன்.

ஒருநாள் காலைப் பேச்சில் ஆனந்திடம் கேட்டேன்.

"டேய், மத்தியான நேரத்துல அங்கிருந்து யாராவது கூப்பிடறீங்களா?"

"உனக்கு மத்தியானம்னா இங்க நடு ராத்திரிம்மா. நாங்க தூங்கிட்டிருப்போம். ஏன்?"

சொன்னேன். பிறகு அவன் தலையைத் திருப்பிக் கேட்பது கேட்டது. "கயல், நீ ஏதாவது பண்ணினியா?"

"இல்லையே" என்றது கயலின் குரல்.

ஆனந்தின் குரல் மாறியது. "அம்மா, அப்ப வேற யாரோ நம்ம சுரங்கத்துக்குள்ள புகுந்திருக்காங்க. அப்படி நடக்க வாய்ப்பில்ல... ஆனா நடந்திருக்கு. நீ பெட்டியோட பிளக்கைப் பிடுங்கிடு. நான் இங்க பார்த்து எல்லாத்தையும் மாத்தறேன்."

யாரும் எட்டிப் பார்க்க முடியாத சுரங்கம் என்றானே? யாரோ ஒரு முகம் தெரியாதவன் நாங்கள் பேசுவதை, சண்டை போடுவதை, நான் தனியாக இருக்கும்போது வாய்க்கு வந்தபடி பாடுவதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தானா? அன்று குளிக்கப் போகும்போதுகூட யாரோ பார்க்கிற மாதிரி கூசியது.

குளித்துவிட்டு வந்து சமையலில் இறங்கியதில் பிளக் மறந்தே போயிற்று. கஸ்தூரி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. "வா, அந்தச் சனியனைப் பிடுங்கிப் போட்டுடலாம்" என்றேன். எனக்கும் துணை வேண்டியிருந்தது. அவள் வழக்கம்போல வாசலில் நின்றுகொண்டாள். நான் குனிந்து மேஜைக்கு அடியில் கையை விட்டேன். விரல் பிளக்கைத் தொட்டது.

"கஸ்தூரி..."

ஒரு பெண் குரல். தணிந்து, கரகரத்து.

"கஸ்தூரி... உன் பொண்ணுக்குக் குழந்தை பொறந்துடுச்சா?"

கஸ்தூரி போட்ட கூச்சல் அடையாறு வரை கேட்டிருக்கும். வாளி உருண்டது. தண்ணீர் கூடமெல்லாம் ஓடியது. வாசல் கேட் படாரென்று அடித்துக்கொண்டது. நான் மேஜைக்கு அடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை.

"யாரு?" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மூச்சு. உள்ளே... வெளியே...

"நான்தான் அத்தை. கயல்."

பேயாக இருந்திருந்தால்கூட அவ்வளவு திகைத்திருக்க மாட்டேன்.

"பிளக்கைப் பிடுங்காதீங்க அத்தை."

மேஜைக்கு அடியிலிருந்தே கேட்டேன். "தூங்காம என்னம்மா பண்றே இந்நேரத்துல?"

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கர்ப்பமாக இருந்திருக்கிறாள். மூன்று மாதம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று இருவரும் எங்களிடம் மறைத்திருக்கிறார்கள். முடிவதற்குள் கலைந்துவிட்டது. ஆனந்த் இரண்டு நாள் லீவு போட்டு கூடவே இருந்தான். "பரவாயில்ல, அடுத்தது நல்லபடியா நடக்கும்" என்றான். மூன்றாம் நாள் ஆபீஸ் போய்விட்டான். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

"தூக்கம் வரமாட்டேங்குது அத்தை. ஒருநாள் ராத்திரி உங்ககிட்ட சொல்லிடலாம்னுதான் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தேன். கூப்பிட்டேன். திறந்துச்சு. வாய் வரல. நீங்க மாமாகூட ஏதோ சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க. தெருவுல கீரைக்காரம்மா கத்தினாங்க. குக்கர் விசில் அடிச்சுது... அங்க பகலா இருந்துச்சு அத்தை. இங்க எனக்கு எப்பவும் ராத்திரியாவே இருக்கு. அதான் தினமும் வந்து சும்மா கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."

"காலைல ஆனந்த் கேட்டானே. இல்லைன்னியே?"

"வெட்கமா இருந்துச்சு."

நான் வாராவாரம் உங்களுக்கெல்லாம் புத்திமதி எழுதுகிறவள். ஒரு வரி வரவில்லை எனக்கு. "அப்படியே இரு. வர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், அவரைக்காயையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு வந்து மைக் பக்கத்தில் உட்கார்ந்தேன். காய் நறுக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை அழுதாள். நான் நறுக்குவதை நிறுத்தவில்லை.

ஆனந்திடமும் எங்கள் வீட்டுக்காரரிடமும், அது கயல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லிவைத்தேன். கஸ்தூரிக்கும் அதையே சொல்லி மறுபடி வேலைக்கு வரவழைத்தேன். ஏன் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை அவளே அவனிடம் சொல்வதாக எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று நாட்கள் போயின. கஸ்தூரியின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான்தான் கயலுக்குச் சொன்னேன். "யார் ஜாடை?" என்று மட்டும் கேட்டாள். எப்படி ஒரு கேள்வி பாருங்கள்.

பிறகு அந்தப் பகல் வந்தது.

வழக்கம்போல மோடம் அலறி ஓய்ந்தது. கடிகாரம் கேட்டது. நாற்காலி முனகியது. நான் முறத்தோடு உட்கார்ந்தேன்.

"கயல்?"

"ம்... உடம்பு ஒரு மாதிரியா இருக்கு அத்தை. முகம் கழுவிட்டு வந்துடறேன்."

நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம். கதவு. குழாய் திறக்கும் சத்தம். அவர்களுடையது சின்ன வீடு. மைக் இருக்கும் இடத்திலிருந்து பாத்ரூம் பக்கம்தான்.

தண்ணீர் கொட்டுகிறது. கொட்டுகிறது...

ஏதோ விழுந்த மாதிரி ஒரு மெத்தென்ற சத்தம். கண்ணாடிப் பொருளோ, பாத்திரமோ விழுந்தால் இப்படிக் கேட்காது.

"கயல்!"

தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

"கயல்! கயல்!" கத்தினேன். முன்னறையிலிருந்து அவர் ஓடிவந்தார்.

"என்ன ஆச்சு?"

"விழுந்துட்டா போலிருக்கு. அவன் உள்ளே தூங்கறான். கூப்பிட்டா கேக்கல!"

"போன் பண்ணு! ஐ.எஸ்.டி. போடு!"

ஓடிப்போய் ரிசீவரை எடுத்தேன். காதில் மோடத்தின் இரைச்சல். எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு லைன். அந்த லைனில்தான் சுரங்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. போன் செய்ய வேண்டுமென்றால் பெட்டியின் பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் அந்தத் தண்ணீர்ச் சத்தம் போய்விடும். அவள் எழுந்து "அத்தை" என்றால்கூட எனக்குக் கேட்காது.

அந்தப் பிளக்கைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒரு நொடிதான் இருக்கும் என்கிறார் அவர்.

பிடுங்கினேன். பச்சை விளக்குகள் அணைந்தன. தண்ணீர் நின்றது. அந்த நிசப்தம் இருக்கிறதே... அதுவரை கேட்ட எந்தச் சத்தத்தையும்விட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அவர் டயல் செய்தார். அவசரத்தில் முதல் தடவை தப்பு நம்பர். மறுபடி. அவன் வீட்டில் இன்டர்நெட் டிவி கேபிளில் வருகிறது, போன் தனி. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார். கடைசியில், தூக்கக் குரலில், "ஹலோ?"

ரிசீவரைப் பிடுங்கினேன். "பாத்ரூமைப் போய்ப் பாருடா! ஓடு!"

ரிசீவர் விழுந்தது. காலடிகள். பிறகு என் பிள்ளையின் குரல், அவன் சின்ன வயதில் கெட்ட கனவு கண்டு எழுந்தபோது கேட்ட குரல். "கயல்! கயல்!"

தரையெல்லாம் ரத்தம், மயங்கிக் கிடந்திருக்கிறாள். கலைந்தது முழுதாக வெளியேறவில்லையாம். சில நாட்களாகவே காய்ச்சல் இருந்திருக்கிறது, அதையும் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்களாம் டாக்டர்கள். இதை ஆனந்த் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர் பின்னறைக்குப் போய், பெட்டியின் பிளக்கை மறுபடி சொருகிவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டார். அங்கே யாருமில்லை என்று அவருக்கும் தெரியும்.

உடம்பு தேறியதும் கயலை ஆனந்த் இங்கே கொண்டுவந்து விட்டான். அவன் வேலைக்காக உடனே திரும்ப வேண்டியிருந்தது. கயலைப் பார்த்ததும் கஸ்தூரி எட்டவே நின்றாள்.

"இன்னா, நீதானா அது? எங்க, ஒருவாட்டி என் பேரச் சொல்லு."

"கஸ்தூரி..."

"ஐயே, வேணாம் தாயி, போதும்!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். அடுத்த வாரம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் கயல் மடியில் போட்டுவிட்டு, பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். கயல் குழந்தையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கஸ்தூரி ஜாடைதான்" என்றாள்.

கயலைக் கேட்டுவிட்டுத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். "எழுதுங்க அத்தை. என்னை மாதிரி இன்னும் நாலு பேர் எங்கயாவது உட்கார்ந்திருப்பாங்க" என்றாள்.

போன வாரம், காலைச் சமையல் முடிந்து நானும் அவளும் பின்னறையில் உட்கார்ந்திருந்தோம். டிபன் சாப்பிட்ட சோம்பலில் இருவரும் பேசவில்லை. திடீரென்று மோடம் அலறியது. ஸ்பீக்கர் 'கிளிக்' என்று திறந்துகொண்டது.

டிக்... டிக்... டிக்.

மூச்சு. உள்ளே... வெளியே...

கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன. "அத்தை" என்றாள் ரகசியமாக, "நான் இங்க இருக்கேன்... அப்ப அங்க யாரு?"

எனக்கும் ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. பிறகு ஸ்பீக்கரில் ஒருவன் தொண்டையைக் கனைத்தான்.

"நான்தான்" என்றான் ஆனந்த். "தூக்கம் வரல."

நான் முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். கதவைச் சாத்தும்போது கயல் கேட்பது காதில் விழுந்தது. "எத்தனை நாளா இப்படி உட்கார்ந்திருக்கே?"

அவன் சொன்ன பதில் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்!